பதினொரு நாளுக்கான கடிதம்

அந்தக் கடிதம் என் தோள்பையின் உள்ளறையில் மாதக்கணக்கில் கிடந்தது. ஒரு பக்கம்தான். மனைவி தன் கைப்படப் பிரெஞ்சில் எழுதியது, கீழே என் கையெழுத்து. நான் செய்ய வேண்டியது அதைத் தபாற்கந்தோருக்குக் கொண்டுபோய் முதலாளிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புவது மட்டுமே. பாரிசுக்கு வெளியே எபினேயில் எங்கள் வீட்டிலிருந்து தபாற்கந்தோர் ஐந்து நிமிட நடை. பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் நான் சமையல் வேலை செய்த சாப்பாட்டுக் கடையிலிருந்து இன்னொரு தபாற்கந்தோர் அதைவிடக் கிட்ட. இரண்டையும் நான் தினமும் கடந்து போனேன்.

அது 2014ஆம் ஆண்டு. எங்களுக்கு முதல் பிள்ளை ஆகஸ்ட் தொடக்கத்தில் பிறக்கும் என்று நாள் சொல்லியிருந்தார்கள். மனைவி வன்னியிலிருந்து வந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. பிள்ளைப்பேறு பார்க்க அவளுக்கு ஆள் இல்லை. அவளுடைய தாய் 2009 மே மாதத்தோடு இல்லை. என் தாய் அதற்கு முன்பே போய்விட்டார். அவளுடைய ஒரே தமக்கை வவுனியாவில் இருந்தார், விசா கேட்டும் கிடைக்கவில்லை. பிள்ளையோடு அவள் வீட்டுக்கு வந்தால் அந்த வீட்டில் நிற்பதற்கு நான் ஒருவன்தான். நான் நின்றால்.

நிற்கலாம் என்று எங்களுக்குச் சொன்னவர் ஆஸ்பத்திரியின் மருத்துவச்சி. ஆறாம் மாதத்தில் ஒரு காலையில், மேசையில் ஒரு தாளை விரித்து வைத்துக்கொண்டு நிதானமாக விளக்கினார். பிள்ளை பிறந்தால் தகப்பனுக்கு மூன்று நாள் லீவு, அது முதலாளியின் செலவு. அதற்குப் பிறகு தொடர்ச்சியாகப் பதினொரு நாள். அந்த நாட்களுக்கு அரசாங்கக் காப்புறுதி காசு தரும். முதலாளி மறுக்க முடியாது. ஆனால் ஒரு மாதத்துக்கு முன் அறிவிக்க வேண்டும். பதிவுத் தபாலில் அறிவித்தால் கையில் அத்தாட்சி இருக்கும். மனைவி நகரசபை வகுப்பில் பிரெஞ்சு படித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினாள். நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி தலையாட்டிக்கொண்டிருந்தேன், பதினொரு மணிக்குக் கடையில் நிற்க வேண்டும்.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள். "ஆர் காசு குடுக்கிறது எண்டு உங்களுக்கு விளங்கினதோ?"

"ஓம், ஓம். அரசாங்கம்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அரசாங்கம் சட்டம் போடும், கடைசியில் காசு முதலாளியின் கல்லாப்பெட்டியிலிருந்துதான் வரும் என்று நினைத்தேன். ஊரிலும் இங்கேயும் நான் கண்டது அப்படித்தான். எவனோ ஒருவன் கையைக் காட்டுவான், வேறு ஒருவன் தலையில் விழும்.

மருத்துவச்சி இன்னொன்றும் கேட்டிருந்தார். வீட்டில் உதவிக்கு ஆள் இல்லாவிட்டால் காலையில் சில மணித்தியாலம் வந்து பார்க்க ஒரு பெண்ணை ஒழுங்கு செய்யலாம், வேண்டுமா? மனைவி சிரித்துக்கொண்டு வேண்டாம் என்றாள். என் கணவர் நிற்பார், பதினொரு நாளும் நிற்பார் என்று பிரெஞ்சில் சொன்னாள். அந்த வசனத்தில் ஒரு பிழையும் இல்லை. பெருமையாக என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

லா சப்பலில் ஒரு பதிவுத் தபால் என்ன செய்யும் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அங்கே தமிழ் முதலாளிக்கும் தமிழ் வேலையாளுக்கும் இடையில் எல்லாமே வாய்தான். வேலைக்கு வா என்பதும் வாய், நாளைக்கு வராதே என்பதும் வாய். சம்பளம், லீவு, சண்டை, சமாதானம் எல்லாம் வாயால் நடக்கும். பதிவுத் தபால், பிரெஞ்சில் ரெக்கமாண்டே, வந்தால் அது வழக்குக்கு முதல் மணி. எனக்கு முன் எங்கள் கடையில் கோப்பை கழுவிய ஒருவர் அப்படி ஒன்று அனுப்பி, பிறகு தொழில் நீதிமன்றம் வரை போனவர். முதலாளி அவரைப் பற்றிப் பேசும்போது பெயரையே சொல்லமாட்டார். "உவன் எனக்கு ரெக்கமாண்டே போட்டவன்" என்பார். கத்தியால் குத்தியவனைச் சொல்வதுபோல இருக்கும்.

அந்த முதலாளியை நான் அண்ணை என்றுதான் கூப்பிட்டேன். சொந்தம் இல்லை, பக்கத்து ஊர். நான் பாரிசுக்கு வந்து இறங்கிய குளிர்காலத்தில் கடையின் நிலவறையில் படுக்க இடம் தந்தவர். என் அகதி வழக்குக்குக் கதை எழுத ஆள் பிடித்துத் தந்தவர். சமையல் தெரியாத எனக்குக் கரண்டி பிடிக்கக் காட்டியவர். வாரத்தில் ஆறு நாள் முழு வேலை, ஆனால் சம்பளத் துண்டில் பாதி நேரம் என்றிருக்கும். மிச்சம் கையில் தருவார். அதில் எனக்கு மனக்குறை இருக்கவில்லை. வரி குறைவு, வேறு உதவிகளும் கூடக் கிடைக்கும் என்று நானே கெட்டிக்காரனாக நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்ட மனிதருக்கு எப்படி ரெக்கமாண்டே போடுவது?

நான் கோபக்காரன். மெற்றோவில் ஒருவன் முழங்கையால் இடித்தால் எனக்கு உச்சிக்கு ஏறும். கறிக்கு உப்புக் குறைவு என்று ஆராவது சொன்னால் அன்று முழுக்க மூஞ்சியை நீட்டிக்கொண்டிருப்பேன். ஆனால் கோபம் வர வேண்டிய இடத்தில் மட்டும் எனக்கு வாயில் கொழுக்கட்டை.

ஜூன் கடைசியில் ஒரு நாள் தபாற்கந்தோருக்குள் போய் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர்தான். கையில் கடித உறை. அதில் கடையின் விலாசமும் அண்ணையின் முழுப்பெயரும் மனைவியின் உருண்டையான எழுத்தில் இருந்தன. தபால்காரன் கடைக்குள் வந்து, கல்லாவில் இருக்கும் அண்ணையிடம் கையெழுத்து வாங்கும் காட்சி கண்ணுக்குள் வந்தது. திரும்பி வெளியே வந்துவிட்டேன்.

அன்று மதிய வேலை முடிந்த பிறகு அண்ணையிடம் வாயால் சொன்னேன்.

"அண்ணை, பிள்ளை பிறந்தா எனக்குக் கொஞ்ச நாள் லீவு வேணும். பதினொரு நாளாம். சட்டமாம்."

அவர் கணக்குப் பார்க்கும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "ஆகஸ்டிலையோ? தேர் வருதெல்லே. கண்டறியாத சட்டம். உதெல்லாம் வெள்ளைக்காரற்றை கொம்பனியளுக்கு. பிறக்கட்டும், பாப்பம்."

"பாப்பம்" என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் வீட்டுக்குப் போனேன். அவள் வாசலிலேயே கேட்டாள்.

"போட்டிட்டியளோ?"

"போட்டன்."

"சிட்டை?"

"கடையிலை வைச்சிட்டன்."

ஒரு வாரம் கழித்து, அண்ணை கையெழுத்து வைத்த அத்தாட்சி அட்டை திரும்பி வந்ததா என்று கேட்டாள். வந்தது, பத்திரமாக வைத்திருக்கிறேன் என்றேன். ஒரு பொய்க்கு முட்டுக் கொடுக்க இன்னொன்று. அவள் நாட்காட்டியை எடுத்து ஆகஸ்ட் மாதத்தில் பென்சிலால் மெல்லிய கோடு இழுத்தாள். பிறக்கும் நாளிலிருந்து மூன்று, பிறகு பதினொன்று, மொத்தம் பதினான்கு கட்டங்கள். அன்றே சொல்லியிருக்கலாம். அவள் திட்டியிருப்பாள், அடுத்த நாள் மருத்துவச்சிக்குத் தொலைபேசி அடித்து அந்த உதவிப் பெண்ணைக் கேட்டிருப்பாள். நான் வாயைத் திறக்கவில்லை.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் மகன் பிறந்தான். கடைசி நேரத்தில் வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். அண்ணை இரண்டு நாள் விட்டார், சம்பளம் இல்லாமல். இரண்டாம் நாள் மாலை தொலைபேசியில் வந்தார்.

"ஆம்பிளைப் பிள்ளையாம், சந்தோசம். நாளைக்கு வா. அங்கை உன்னாலை என்ன செய்யேலும்? அவை பாப்பினம்தானே, ஆஸ்பத்திரியிலை."

"லீவு அண்ணை..."

"தேர் முடியட்டும் பாப்பம். இப்ப ஆளில்லை. உனக்குத் தெரியாதே?"

எனக்குத் தெரியும். ஆகஸ்ட் கடைசியில் லா சப்பலில் பிள்ளையார் தேர். அண்ணை கோயிலில் உபயகாரர். கடைக்கு ஓடர் மேல் ஓடர். நான் போனேன். மனைவியிடம் என்ன சொன்னேன் என்று நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. லீவு சட்டப்படி நீர் வீட்டுக்கு வந்த பிறகுதான் தொடங்குமாம் என்றேன். ஐந்தாம் நாள் அவள் வீட்டுக்கு வந்தாள். தேர் வேலை, அண்ணை கெஞ்சிக் கேட்டவர், ஒரு வாரம் தள்ளிப் போட்டிருக்கிறோம் என்றேன். அவள் என்னையே பார்த்தாள்.

"தள்ளிப்போட ஏலுமோ?"

"நாலு மாதத்துக்குள்ளை எப்பவும் எடுக்கலாமாம்."

அது மட்டும் உண்மை. மருத்துவச்சியின் தாளில் அப்படித்தான் இருந்தது.

எங்கள் வீடு நான்காம் மாடி. அந்த ஆகஸ்ட் முழுக்க லிஃப்ட் ஓடவில்லை, திருத்த வருபவர்கள் விடுமுறையில் இருந்தார்கள். பக்கத்துக் கட்டடத்தில் இரண்டு தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. நல்ல சனங்கள். ஆனால் பிள்ளை பிறந்து முப்பத்தொரு நாள் கழியும்வரை துடக்கு, அதாவது தீட்டு வீடு. தேர்க்காலத்தில் கோயிலுக்குப் போய்வருகிறவர்கள் பிள்ளை பிறந்த வீட்டுக்குள் கால் வைக்கமாட்டார்கள். சாப்பாட்டுப் பையைக் கதவுக் கைப்பிடியில் கொழுவிவிட்டு, மணியை அடித்துவிட்டுப் போவார்கள். அவள் கதவைத் திறந்தால் படிக்கட்டில் இறங்கும் காலடிச் சத்தம் மட்டும் கேட்கும்.

நான் காலை பத்துக்குப் போனால் நள்ளிரவு நெருங்கத்தான் வருவேன். பிள்ளைப் பெற்றவளுக்கென்று லா சப்பலில் வாங்கிய சரக்குத்தூள் பொதி உடைக்காமல் அலுமாரித் தட்டில் இருந்தது. நாளுக்கு நூறு பேருக்குச் சமைத்தவன் நான். அவள் பாணும் பாலும் சாப்பிட்டாள்.

பன்னிரண்டாம் நாள் ஒரு சனிக்கிழமை. எங்கள் கடையில் வேலை நேரத்தில் தொலைபேசிகளை ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் போட்டு மூடிவிடுவார்கள், அண்ணையின் ஒழுங்கு அது. மதியம் ஒன்றரை இருக்கும். கடை நிறைய ஆட்கள். அண்ணை சமையலறைக் கதவைத் தள்ளித் தலையை நீட்டினார்.

"உன்ரை வீட்டிலையிருந்து ஒரு பொம்பிளை கடை நம்பருக்கு எடுத்துப் பிரெஞ்சிலை கத்துறாள். மனுசிக்குக் காய்ச்சலாம், காயத்தாலை என்னமோ வடியுதாம். அம்புலன்ஸ் வந்திட்டுதாம்." ஒரு கணம் நின்று, "அடுப்பிலை இருக்கிற ரெண்டு ஓடரையும் முடிச்சிட்டு ஓடு" என்றார்.

நான் முடித்தேன். இதை எழுதாமல் விடலாம். ஆனால் நடந்தது அதுதான். கொத்துரொட்டி இரண்டு போட்டேன், ஒன்றுக்கு முட்டை கூட. பிறகுதான் ஏப்ரனைக் கழற்றினேன். தகரத்தைத் திறந்தபோது என் தொலைபேசியில் அவளுடைய ஒன்பது அழைப்புகள் இருந்தன.

கூப்பிட்டவர் மூன்றாம் மாடியில் இருந்த மாலி நாட்டுப் பெண். அதுவரை படியில் கண்டால் வணக்கம் சொல்வதோடு சரி. மனைவி உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு கீழே சலவைக் கடைக்கு இறங்கியிருக்கிறாள். பிள்ளையின் துணிகள் முடிந்துவிட்டன, நான் வரும்வரை வைத்திருக்க முடியவில்லை. பிள்ளை ஒரு கையில், பை மறு கையில். திரும்பி ஏறும்போது மூன்றாம் மாடிப் படியில் முடியாமல் குந்திவிட்டாள். ஏற்கெனவே இரண்டு நாளாகக் காய்ச்சல், எனக்குச் சொல்லவில்லை. அந்தப் பெண் கதவைத் திறந்து பார்த்து, பிள்ளையை வாங்கித் தன் முதுகில் துணியால் கட்டிக்கொண்டு, எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த கடை விளம்பரத்தைப் பார்த்து எனக்கு அடித்திருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் நான் போய்ச் சேர்ந்தபோது மனைவியின் கையில் ஊசி வழியாக மருந்து ஏறிக்கொண்டிருந்தது. தையல் விட்டுக் காயம் பழுத்திருந்தது. தாதி என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் உடுப்பில் எண்ணெய் மணம். நீங்கள் லீவில் இல்லையா, அப்பாவின் லீவு எடுக்கவில்லையா என்று கேட்டார். மனைவி கட்டிலில் கிடந்தபடி பிரெஞ்சில் பதில் சொன்னாள். கடிதம் போட்டிருக்கிறார், முதலாளி தள்ளி வைத்திருக்கிறார் என்றாள். முதலாளி அப்படித் தள்ளி வைக்க முடியாது, அத்தாட்சி அட்டையைக் கொண்டு வாருங்கள், சமூக சேவகியிடம் சொல்லி ஒரு அழைப்பில் முடிக்கலாம் என்றார் தாதி. நல்ல மனசோடு சொன்னார்.

தாதி போனதும் மனைவி என் பக்கம் திரும்பினாள். "அட்டை எங்கை?"

நான் தோள்பையைத் திறந்து உள்ளறையிலிருந்து கடித உறையை எடுத்தேன். ஒட்டியபடியே இருந்தது. மூலை மட்டும் மடிந்து அழுக்கேறியிருந்தது. அவள் அதை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தாள்.

"போடவே இல்லையோ?"

"இல்லை."

"உதவிக்கு வாற பொம்பிளையை நான் வேண்டாமெண்டு சொன்னனான். நீங்கள் நிப்பியளெண்டு."

அவள் அழுதிருந்தால், கத்தியிருந்தால் எனக்கு ஒரு பதில் வந்திருக்கும். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். பிள்ளை பக்கத்துத் தொட்டிலில் சிணுங்கியது. எனக்கு அதைத் தூக்கத் தெரியவில்லை. பிறந்து பன்னிரண்டு நாளில் நான் அவனை நாலைந்து தரம்தான் தூக்கியிருந்தேன்.

திங்கட்கிழமை காலை தபாற்கந்தோர் திறக்கும்போதே நான் வாசலில் நின்றேன். மனைவி கட்டிலில் இருந்தபடி திகதிகளை மாற்றிப் புதிதாக எழுதித் தந்திருந்தாள். கவுண்டரில் இருந்தவர் முத்திரை குத்தி, சிட்டையைக் கிழித்து என்னிடம் தந்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த இரண்டு நிமிடத்துக்குப் பயந்தா இத்தனை நாள் போக்கினேன் என்று என் மீதே எனக்குக் கொதித்துக்கொண்டு வந்தது.

அண்ணைக்குக் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. நான் அன்று வேலைக்குப் போகவில்லை, மனைவி வீட்டுக்கு வரும் நாள். மாலை நான்கு மணிக்குக் கதவு மணி அடித்தது. திறந்தால் அண்ணை. நான்கு மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். கையில் கடித உறை, பிரிக்காமல். முகம் கறுத்திருந்தது.

"வாங்கோ அண்ணை" என்றேன்.

அவர் வாசற்படிக்கு வெளியே நின்றார். "துடக்கெல்லே. நான் உள்ளை வரேலாது, சனிக்கிழமை கோயிலிலை நிக்கவேணும்." பிறகு உறையை என் முகத்துக்கு நேரே பிடித்தார். "என்னடா இது? எனக்கு ரெக்கமாண்டே போடுறியோ? கோட்டுக்குப் போகப் போறியோ? உனக்கு நான் என்ன குறை வைச்சனான்?"

உள்ளே கட்டிலில் இருந்த மனைவி, வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். கடையில் ஒரே ஒரு தரம்தான் அவள் அவரைக் கண்டிருக்கிறாள்.

"பிரிச்சுப் பாருங்கோ அண்ணை. கோட்டுக் கடிதமில்லை. லீவுக் கடிதம்."

"லீவுக்கு ஏன் தங்கச்சி ரெக்கமாண்டே? வாயாலை சொல்லலாமே."

"வாயாலை சொன்னவர்தானே. நீங்கள் பாப்பமெண்டு சொன்னியளாம். பாத்தியளோ?"

அண்ணை உறையைப் பிரித்தார். கண்ணாடியைப் போட்டு வாசித்தார். அவர் முப்பது வருடப் பிரெஞ்சு கடைப் பிரெஞ்சு, ஆனால் வாசிப்பார். "பதினொரு நாளுக்கு வேலை செய்யாமல் நான் சம்பளம் குடுக்க வேணும். பேந்து உன்ரை இடத்துக்கு நிக்கிற ஆளுக்கும் குடுக்க வேணும். நானென்ன மில்லியன் கணக்கிலை காசு வைச்சோ நடத்துறன்?"

"நீங்கள் குடுக்கத் தேவையில்லை" என்றாள் அவள். "காப்புறுதிதான் குடுக்கிறது. ஆரையும் கேட்டுப் பாருங்கோ."

அவருக்கு அந்த இடத்திலேயே கேட்க வேண்டும் போலிருந்தது. தொலைபேசியை எடுத்துக் கடையின் கணக்காளருக்கு அடித்தார். பாண்டிச்சேரிக்காரர். படிக்கட்டில் சத்தம் எதிரொலித்ததால் எங்களுக்கும் கேட்டது.

"ஆமா சார், அந்த லீவுக்கு செக்யூரிட்டே சோசியால்தான், அரசாங்க இன்சூரன்ஸ்தான் தரும். உங்க கையிலேர்ந்து ஒரு சாந்தீம் போகாது. சம்பளம் எவ்வளவுன்னு ஒரு பேப்பர் அனுப்பணும், அத நான் அனுப்பிடறேன். முதல் மூணு நாள் மட்டும் உங்களோடது. அத குடுத்துட்டீங்கல்ல?"

அண்ணை தொலைபேசியை வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்து, குரல் இறங்கிச் சொன்னார். "பேயா. உதை அப்பவே சொல்லியிருந்தா அண்டைக்கே போ எண்டிருப்பனே. நான் என்ரை காசெண்டெல்லோ நினைச்சன்."

மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். அவர் சொன்னது எனக்குப் புரியுமுன் அவளுக்குப் புரிந்துவிட்டது. ஜூனில் அந்தக் கடிதம் போயிருந்தால் அவர் பயந்திருப்பார், கோபப்பட்டிருப்பார், இதே கணக்காளருக்கு அடித்திருப்பார். ஒரு தொலைபேசி அழைப்பு. ஆகஸ்டில் நான் வீட்டில் நின்றிருப்பேன். அவள் அந்தப் பையைத் தூக்கியிருக்கமாட்டாள்.

அண்ணை இறங்கப் போனார். அவள் விடவில்லை.

"அண்ணை, துடக்கு வீட்டுக்குள்ளை வரமாட்டியள். துடக்குக்காரன் சமைச்சதை மட்டும் விப்பியளோ?"

அவர் ஒரு காலைப் படியில் வைத்தபடி நின்றார். பிறகு இறங்கினார். கீழே இறங்கும் காலடிச் சத்தம் நான்கு மாடியும் கேட்டது. அடுத்த நாள் மூன்று நாள் சம்பளத்தை ஒரு உறையில் போட்டு, யாரோ ஒருவர் கையில் அனுப்பியிருந்தார். தேர் முடியும்வரை கடைப் பக்கம் வர வேண்டாம் என்றும் சொல்லியனுப்பினார். அது அவர் மன்னிப்பா கோபமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த நாட்களுக்குச் சம்பளம் இல்லை. நான் கேட்கவும் இல்லை.

ஒரு மாத அறிவிப்புக் கழித்து, பதினொரு நாள் லீவு செப்டெம்பர் கடைசியில் வந்தது. காயம் ஆறிவிட்டிருந்தது. முப்பத்தொன்று முடிந்து, பக்கத்துக் கட்டடத்துச் சனங்கள் வீட்டுக்குள் வந்து பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டும் போயிருந்தார்கள். முதல் நாள் காலை மனைவி பிரெஞ்சுக் கொப்பியை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் புறப்பட்டாள்.

"எனக்கு வேண்டிய நேரத்திலை நீங்கள் நிக்கேல்லை. இப்ப பிள்ளையோட நில்லுங்கோ."

நின்றேன். அவன் என்னைக் கண்டு அழுதான், அந்நியன் தூக்கினால் அழுவதுபோல. நான் குளிப்பாட்டப் பழகினேன், பால் குடித்ததும் தோளில் போட்டு ஏவறை எடுக்கப் பழகினேன். சரக்குத்தூளை உடைத்துக் குழம்பு வைத்தேன். பிந்திப்போன குழம்பு. அவள் சாப்பிட்டாள், நல்லாயிருக்கு என்று சொல்லவில்லை.

அக்டோபரில் காப்புறுதியிலிருந்து காசு வந்தது. இருநூற்றுச் சொச்சம் யூரோ. நான் கொதித்தெழுந்தேன். பதினொரு நாளுக்கு இதுவா, ஏமாற்றுகிறார்கள் என்று கத்தினேன். மனைவி வந்த தாளையும் என் சம்பளத் துண்டுகள் மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"ஏமாத்தேல்லை. உங்கடை துண்டிலை பாதி நேரம் எண்டுதானே கிடக்கு. அவைக்குத் தெரிஞ்சது இந்த மூண்டு துண்டும்தான். முழுசாக் காட்டியிருந்தா இதைப்போல ரெண்டு மடங்கு வந்திருக்கும்."

நான் பார்த்தேன். கையில் வாங்கிய காசுக்கு எந்தத் தாளிலும் பதிவு இல்லை. காய்ச்சல் வந்தாலும், கை முறிந்தாலும், வயது போனாலும் அரசாங்கத்தின் கண்ணில் நான் அரை ஆள்தான். கெட்டித்தனம் என்று நினைத்து நானே சம்மதித்தது. அந்த மாதமே முழுத் துண்டு கேட்டேன். அண்ணை தரவில்லை. அடுத்த வருடம் நான் ஒரு பாடசாலைச் சமையற்கூடத்துக்கு மாறிவிட்டேன். இப்போதும் லா சப்பலில் கண்டால் நின்று கதைப்போம். மகன் என்ன படிக்கிறான் என்று கேட்பார்.

அதன் பிறகு லா சப்பலில் என்னை ஆராவது மறித்து, பிள்ளை பிறக்கப் போகுது அண்ணை, லீவு தருவினமோ என்று கேட்டால் நான் அரை மணித்தியாலம் நிறுத்திவைத்து விளக்குவேன். சம்பளத் துண்டைக் கொண்டு வா, ஒரு நாளைக்கு எவ்வளவு வரும் என்று பார்த்துச் சொல்கிறேன் என்பேன். 2021இல் சட்டம் மாறியது. பதினொன்று இருபத்தைந்தாகியது. முதல் ஏழு நாள் தகப்பனை வேலைக்குக் கூப்பிடவே கூடாது என்றும் எழுதிவிட்டார்கள். அதை வாசித்தபோது என் கண் கலங்கியது. முன்பே அப்படி எழுதியிருந்தால் என்னைப் போன்ற கோழைக்கும் வீட்டில் நிற்கக் கிடைத்திருக்கும்.

2022இல் எங்களுக்கு இரண்டாம் பிள்ளை. அதே வீடு, அதே நான்காம் மாடி. எனக்கு இப்போது முழுத் துண்டு. என் லீவில் ஒரு நாளின் பெறுமதி எவ்வளவு என்று சதம் பிசகாமல் எனக்குத் தெரியும். பாடசாலையில் ஒரு சொல் சொன்னாலே போதும், ஆனாலும் கடிதம் எழுதுவோம் என்றாள் மனைவி. எட்டாம் மாத வயிற்றோடு மேசையில் இருந்து எழுதினாள். நான் கையெழுத்து வைத்தேன். அவள் உறையை ஒட்டினாள்.

நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கையை நீட்டினேன். "தாரும், நான் போற வழியிலை போட்டிட்டுப் போறன்."

"வேண்டாம்" என்றாள். குரலில் கோபம் இல்லை. "நானே போடுறன்."

அன்றைக்கும் லிஃப்ட் ஓடவில்லை. அவள் கடிதத்தைக் கைப்பைக்குள் வைத்துப் பூட்டி, ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நான்கு மாடியும் தானே இறங்கிப் போனாள்.